ஆறு அங்குலமா, பத்து அங்குலமா?

இ-ரீடர் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், பிறகு பேட்டரி எத்தனை நாள் வரும் என்கிறார்கள். பேட்டரி பெரும்பாலானவற்றில் வாரக்கணக்கில் வரும். தமிழ் படிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது, தான் படிக்கப்போகும் கோப்பு எந்த வகை என்பதைத்தான். கிண்டில், கோபோ, ஓனிக்ஸ் பூக்ஸ் மூன்றையும் செஞ்சியில் வைத்துப் படித்துப் பார்த்தபின் இதை உறுதியாகவே சொல்வேன்.

மூன்றிலும் இ-இங்க் திரைதான். செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலுக்கு எதிரே நடுப்பகல் வெயிலில் பிடித்தாலும் எழுத்து பளிச்சென்று இருக்கிறது. கைப்பேசியில் அங்கே நம் முகம்தான் தெரியும். ஆனால் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறும்போது கருவியைப் பாறைமேல் வைத்துவிடாதீர்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் 35 டிகிரி செல்சியஸ் வரைதான் இயங்கு வெப்பநிலை குறிக்கிறார்கள். சித்திரையில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும்.

அடுத்து, ‘செஞ்சிக் கோட்டை’ என்று மட்டும் தட்டச்சு செய்த ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். கொம்பு பின்னால் போனாலோ, புள்ளி வட்டம் தெரிந்தாலோ வேறு தமிழ் எழுத்துருவை ஏற்றிப் பார்க்கலாம். கிண்டில், கோபோ இரண்டிலும் அதற்குத் தனிக் கோப்புறை உண்டு. அப்படியும் சரியாகவில்லை என்றால் அந்தக் கோப்பு அந்தக் கருவிக்கு ஆகாது. இன்னொன்று: தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் இருபுறமும் சமன்செய்தால் நடுவில் பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்குசெய்து படியுங்கள்.

இன்றைய நாவல், கட்டுரைகளைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவருக்குக் கிண்டில் வசதி. 2016 டிசம்பரிலிருந்து அதன் கடையில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. ஆனால் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியே மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது. காசு கொடுத்தவன் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டாமா? எனக்கு இது பெரிய குறை.

இலவச நூல்களை நாடுபவருக்குக் கோபோ. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளமும் தன்னார்வலர் உழைப்பில் குவித்திருப்பது ஏராளம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தரும் ஈபப் கோப்பைக் கோபோவில் போட்டால் அப்படியே திறக்கும். கிண்டிலில் மின்னஞ்சல் வழியாகவோ ‘சென்ட் டு கிண்டில்’ வழியாகவோ அனுப்பி மாற்றிக்கொள்ள வேண்டும். கோபோ வாங்குமுன் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல் ஸ்கேன் பிடிஎஃப்பில்தான். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதன் வரலாற்றைத் தேடிப் போனால் அகப்படுவது பெரும்பாலும் பழைய அச்சுப் பக்கங்களின் படங்கள். சி.எஸ். சீனிவாசாச்சாரி ஆங்கிலத்தில் எழுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு அப்படித்தான். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும், ஈழத்து நூலகம் தளத்திலும் உள்ள பழைய நூல்களில் பெரும்பகுதியும் அப்படித்தான். படம் என்பதால் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது.

கணக்கு எளிது. டெமி அளவுப் பக்கம் சுமார் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 10 அங்குலம். ஆறு அங்குலத் திரையில் அது அறுபது சதவீதமாகச் சுருங்கும். அடிக்குறிப்பை மறந்துவிட வேண்டியதுதான். ஓரத்து வெற்றிடத்தை வெட்டலாம், கருவியைக் கிடையாகப் பிடித்துப் பாதிப் பாதியாகப் படிக்கலாம். ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை ஓடுகிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சியைப் பிடித்த காலம் அதற்குள்தான் வருகிறது. அத்தனை பெரிய நூலைப் பாதிப் பாதியாக யார் படித்து முடிப்பது?

அங்கே பூக்ஸ் கோ 10.3 ஜெயிக்கிறது. பக்கம் ஏறக்குறைய அச்சிட்ட அளவிலேயே தெரிகிறது. பழுப்பேறிய தாளின் சாம்பல் பூச்சையும் மாறுபாட்டைக் கூட்டிக் குறைத்துவிடலாம். ஆண்ட்ராய்டு என்பதால் கிண்டில் செயலியையும் போட்டுக்கொள்ளலாம். விலைதான் ஆறு அங்குலக் கருவியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 375 கிராம் எடை, படுத்துக்கொண்டு படித்தால் மணிக்கட்டு வலிக்கும். திரையில் விளக்கு இல்லாததால் இரவில் கரண்ட் போனால் படிப்பும் நிற்கும். கிண்டில் பேப்பர்வொயிட்டில் அந்தத் தொல்லை இல்லை.

கல்கி நாவல்களுக்காக மட்டும் பத்து அங்குலம் வாங்குவது வீண். அவை 1999-இல் நாட்டுடைமையானவை. ஈபப்பாகவே கிடைக்கும், ஏழு அங்குலம் தாராளம். செஞ்சியையோ தங்கள் ஊரையோ பற்றிப் பழைய நூல்களில் தேடும் ஆசிரியருக்கும் ஆய்வு மாணவருக்கும் நான் சொல்வது வேறு: ஆறு அங்குலம் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் பணம் சேரும்வரை பொறுத்திருந்து, பத்து அங்குலத்தை வாங்குங்கள்.