தராசு வலையாகுமா?

ஆட்டிசம் எனும் புற உலகச் சிந்தனைக் குறைபாட்டை அளக்க நம் நாட்டிலேயே ஓர் அளவுகோல் உருவாயிற்று. மனவளர்ச்சி குன்றியோர்க்கான தேசிய நிறுவனம் என அந்நாளில் வழங்கிய செகந்திராபாத் நிலையம் 2009-இல் இதனை வெளியிட்டது. சான்றிதழ் வழங்குவதற்கு 2016-இல் அரசும் இதனை ஏற்றது. இதன் நிறைகுறைகளைச் சற்று ஆராய்வோம்.

இதில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-ஐ எட்டினால் ஆட்டிசம். 153-ஐத் தாண்டினால் கடுமையானது. குழந்தையை நேரில் கவனித்தும் பெற்றோரை வினவியும் மதிப்பிடுவது இதன் சிறப்பு.

குறை எங்கே? 'நான்', 'நீ' என்பவற்றைக் குழந்தை மாற்றிச் சொல்கிறதா, உரையாடலைத் தொடர்கிறதா, ஒத்த வயதினருடன் பழகுகிறதா என்று அளவுகோல் கேட்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தையிடம் இவற்றை எப்படிக் காண்பது? ஆனால், தேர்ந்த மருத்துவர் இரண்டு வயதிலேயே ஆட்டிசத்தை இனங்காண முடியும். பிடித்த மீனை நிறுக்கத் தராசு வேண்டும். பிடிப்பதற்கு வலையன்றோ வேண்டும்!

அத்தகைய வலைதான் எம்-சாட் என்னும் வினாப்பட்டியல். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு உரியது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? வேண்டியதை விரலால் சுட்டுகிறதா? இவை போன்ற 20 வினாக்களுக்கு ஆம், இல்லை என்று பெற்றோர் விடையளித்தால் போதும். இது ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு கூறாது.

வசதி மிக்க அமெரிக்காவிலும் தாமதம் உண்டு. அங்கு 8 வயதுக் குழந்தைகளிடையே 2020-இல் எடுத்த கணக்கின்படி, ஆட்டிசம் கண்டறியப்பட்ட வயதின் நடுமதிப்பு 49 மாதம். நன்கு பேசும் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் இன்னும் பிந்தியே கண்டறியப்படுகின்றனர். நம் வீடுகளிலோ, "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்" என்ற ஆறுதல் மொழியில் ஆண்டுகள் கழிகின்றன.

செங்கற்பட்டு மாவட்டத்தையே பாருங்கள். மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005-இல் நிறுவப்பட்டது. அதே கரையிலுள்ள குப்பத்தில் தாய் மீன் விற்கப் போனால் குழந்தை பாட்டியிடம் இருக்கும். அங்கே வினவ வேண்டியது பாட்டியைத்தான். அருகில் நிலையம் இருந்தால் மட்டும் போதாது. முதல் கேள்வியைக் கேட்க ஒருவர் வேண்டும்.

அதற்கு வழியும் உண்டு. 16 முதல் 24 மாதத்திற்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் முத்தடுப்பு ஊக்க ஊசி போடப்படுகிறது. அன்றைக்கே கிராம சுகாதாரச் செவிலியர் இந்த 20 வினாக்களையும் தமிழில் கேட்கலாம். ஐயமிருந்தால் முதலில் செவித்திறனைச் சோதித்து, பின்னர் மருத்துவரிடம் அனுப்பலாம். நாற்பது கூறு அளவுகோல் சான்றிதழுக்கு இருக்கட்டும். ஊசி போடும் நாளை நழுவவிடலாகாது.