உலகப் புகழுக்கு ஒரு கழகம் கொடுத்த விலை

மாணாக்கருக்கு மதிப்பெண் போடுவது பள்ளிகளின் பழைய வழக்கம். பல்கலைக் கழகங்களுக்கே மதிப்பெண் போட்டு, உலக அளவில் இது முதலாவது, இது நூறாவது என்று வரிசைப்படுத்துவது இந்த நூற்றாண்டில் தோன்றிய புது வழக்கம். 2003இல் சீனத்து ஷாங்காய் நகரிலிருந்து அத்தகைய பட்டியல் ஒன்று வெளிவந்தது. அடுத்த ஆண்டே இலண்டனிலிருந்து மற்றொன்று வந்தது. அன்று தொட்டு, வகுப்பில் முதற்பரிசுக்கு ஏங்கும் சிறுவனைப் போலப் பல்கலைக் கழகங்களும் ஆண்டுதோறும் அப்பட்டியலைப் புரட்டித் தம் பெயரைத் தேடலாயின.

அவ்வாறு தேடியதோடு நில்லாமல், மூன்றே ஆண்டுகளில் வியக்கத்தக்க அளவு ஏறியும் காட்டியது தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள கொரிய உயர்நிலை அறிவியல் தொழில்நுட்பக் கழகம். கைஸ்ட் என்பது அதன் சுருக்கப் பெயர். அக்கழகம் 2006ஆம் ஆண்டு முதல் மேற்கொண்ட சீர்திருத்தத்தை வாயாரப் புகழ்ந்தோரும் உண்டு; வன்மையாகத் தூற்றினோரும் உண்டு. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, அச்சீர்திருத்தத்தில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று நடுநிலையோடு ஆராய்வதே பயனுடையது.

தோன்றிய வரலாறு

1953இல் போர் ஓய்ந்தபோது தென்கொரியா மிக வறிய நாடு. உயர்கல்வியை நாடி அமெரிக்கா சென்ற அறிவார்ந்த இளைஞரிற் பலர் நாடு திரும்பவில்லை. திரும்பினாலும் அவர்கள் ஆராய்ச்சி செய்யத் தக்க இடமில்லை. இக்குறையைப் போக்க உயர்நிலை அறிவியற் பள்ளியொன்று வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தவர் சுங் குன் மோ என்னும் இளம் பௌதிக அறிஞர். அமெரிக்க உதவி நிறுவனம் 60 இலட்சம் டாலர் கடன் கொடுத்தது. ஸ்டான்பர்டு பல்கலைக் கழகத்தைப் பெருக்கி வளர்த்த பிரெடரிக் டெர்மன் தலைமையில் வந்த குழு, 1970இல் ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1971இல் கழகம் பிறந்தது.

தொடக்கத்திலேயே அதற்கு இரண்டு தனிச் சிறப்புகள் அமைந்தன. கல்வி அமைச்சின் பழைய விதிகளுக்குள் அகப்படாதவாறு அறிவியல் தொழில்நுட்ப அமைச்சின் கீழ் அது வைக்கப்பட்டது. மாணாக்கரின் கல்விச் செலவை அரசே ஏற்று, உதவித்தொகையும் தந்து, கட்டாய இராணுவ சேவையிலும் சலுகை அளித்தது. "நீ படி, உன் அறிவை நாட்டுக்குக் கொடு" என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். அங்குப் பயின்றோர் பின்னாளில் கொரியாவின் மின்னணுத் தொழிலுக்கும் ஆய்வுக் கூடங்களுக்கும் தூண்களாயினர். நாடு போட்ட முதல் வீண்போகவில்லை. கட்டணமில்லாத கல்வி கழகத்தின் கொடைக் குணத்தால் வந்ததன்று. அதன் அடிப்படையே அது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்ததை எடைபோட இது துணை செய்யும்.

வெளிநாட்டிலிருந்து வந்த தலைவர்கள்

நாடு செல்வம் பெற்றது. கழகத்தின் குறிக்கோளும் உயர்ந்தது. நாட்டுக்குத் தொண்டு செய்தால் போதும் என்றிருந்த நிலை மாறி, உலகில் முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. 1998இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் ராபர்ட் லாப்லின் 2004இல் தலைவராக அழைக்கப்பட்டார். கழகத்தைத் தனியார் பல்கலைக் கழகம் போல் நடத்த வேண்டும், மாணாக்கர் தொகையைப் பெருக்க வேண்டும், கட்டணம் வாங்க வேண்டும் என்பன அவர் கருத்துகள். பேராசிரியர்கள் ஒப்பவில்லை. 2006இல் அவர் விடைபெற்றார்.

அவருக்குப் பின் வந்தவர் சு நாம் பியோ. கொரியாவிற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் துறைக்குப் பத்தாண்டுக் காலம் தலைமை வகித்தவர். லாப்லினுக்குக் கொரிய மொழியும் மரபும் அயல். சு அவர்களுக்கோ இரு நாடுகளும் தெரியும். எனவே முன்னவரால் இயலாததை இவர் செய்து முடிப்பார் என்று பலரும் நம்பினர். அவரும் தயங்கவில்லை.

பாராட்டுக்குரியவை

சு செய்தவற்றுள் முதலாவது, ஆசிரியர்களின் பதவி பற்றியது. ஒருவர் பேராசிரியராக நுழைந்துவிட்டால் ஓய்வு பெறும் வரை அசைக்க முடியாது என்பது கொரியாவில் ஏறக்குறைய எழுதாத சட்டமாக இருந்தது. அவர் அதை உடைத்தார். 2007இல் நிலையான பதவி கேட்டு விண்ணப்பித்தோருள் 15 பேருக்கு, அதாவது ஏறத்தாழ ஐவரில் இருவருக்கு, அது மறுக்கப்பட்டது. நாடே திகைத்தது. ஆயினும், கற்பிப்போர் கற்பதை நிறுத்திவிடலாகாது என்ற கொள்கை தவறென்று எவரும் சொல்ல இயலாது.

இரண்டாவது, மாணாக்கரைத் தேரும் முறை. அறிவியல் உயர்பள்ளிகளின் மாணாக்கரே பெரும்பாலும் நுழைந்துகொண்டிருந்த இடத்தில், பள்ளித் தலைமையாசிரியரின் பரிந்துரையையும் நேர்முகத்தையும் கொண்டு பொதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாயில் திறக்கப்பட்டது. மூன்றாவது, புதிய இளம் பேராசிரியர்கள் பலர் சேர்க்கப்பட்டனர். நான்காவது, பொதுமக்களிடமிருந்து பெரும் நன்கொடைகள் திரட்டப்பட்டன.

இவையெல்லாம் கழகத்துக்கு வலுவூட்டின. இலண்டன் பட்டியலில் 2006இல் 198ஆவது இடத்திலிருந்த கழகம், 2009இல் 69ஆவது இடத்துக்கு வந்தது.

பட்டியல் எதை அளக்கிறது?

இவ்விடத்தில் ஒரு வினா எழ வேண்டும். அந்தப் பட்டியல் எவற்றைக் கூட்டி மதிப்பெண் போட்டது? நூற்றுக்கு 40 பங்கு, பிற பல்கலைக் கழகத்தார் அக்கழகத்தைப் பற்றிக் கொண்ட எண்ணத்துக்கு. 10 பங்கு, வேலை கொடுப்போரின் எண்ணத்துக்கு. 20 பங்கு, ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் எடுத்தாண்ட அளவுக்கு. 20 பங்கு, ஆசிரியர் மாணாக்கர் விகிதத்துக்கு. வெளிநாட்டு ஆசிரியர்க்கு 5, வெளிநாட்டு மாணாக்கர்க்கு 5.

நூறும் முடிந்துவிட்டது. முதலாண்டு மாணாக்கன் ஒருவன் வகுப்பில் அமர்ந்து பாடத்தை விளங்கிக்கொண்டானா என்பதற்கு நேராக ஒரு பங்குகூட இல்லை. பட்டியல் இட்டோரைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களால் எண்ண முடிந்ததை எண்ணினார்கள். அவர்கள் எண்ணாததை எண்ண வேண்டியது கழகத்தின் கடமையன்றோ? கோலால் அளக்க முடியாதது இல்லவே இல்லை என்று கொள்வதுதான் இத்தகைய போட்டிகளில் நேரும் முதற்பிழை.

போதனா மொழி

2007 முதல் புதிதாகச் சேர்ந்த மாணாக்கருக்கு எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட வேண்டும் என்ற விதி வந்தது. அறிவியல் ஏடுகள் ஆங்கிலத்தில் வருகின்றன, வெளிநாட்டார் வந்து பயில வேண்டும் என்ற காரணங்கள் வலிமையுடையவைதாம். உயர் வகுப்பிலும் ஆராய்ச்சியிலும் ஆங்கிலம் இன்றியமையாதது. ஆயினும், கொரிய ஆசிரியர் கொரியப் பிள்ளைகளுக்கு நுண்கணிதத்தின் முதற்படியை அயல்மொழியில் விளக்கும்போது என்ன நேர்கிறது? ஆசிரியர் தம் உவமைகளை இழக்கிறார். மாணாக்கன் தன் ஐயத்தை இழக்கிறான். ஐயம் தோன்றியபோது அவன் முதலில் தேட வேண்டியது விடையை அன்று, வாக்கியத்தை. வாக்கியம் அமைவதற்குள் பாடம் கடந்துவிடுகிறது. கேள்வி எழாத வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கல்வி என்று மயங்கலாகாது.

கட்டணம் என்னும் பிரம்பு

எல்லாவற்றினும் கொடியது கட்டண விதி. 4.3 புள்ளிகளைக் கொண்ட மதிப்பில் சராசரி 3.0 பெற்றவன் கட்டணமின்றிப் படிக்கலாம். அதற்குக் குறைந்தால், குறையும் ஒவ்வொரு 0.01 புள்ளிக்கும் ஏறத்தாழ 60,000 வோன் செலுத்த வேண்டும். 2.0க்குக் கீழே போனால் ஒரு பருவத்துக்கு 60 இலட்சம் வோனுக்கு மேல். மக்களின் வரிப்பணத்தில் படிப்பவன் பொறுப்போடு படிக்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 2010இல் ஏறத்தாழ 1,000 மாணாக்கர் இவ்வாறு பணம் கட்டினர்.

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியை நம்பிய காலம் நம் பள்ளிகளிலும் இருந்தது. பிரம்பு கையில் தழும்பு போடும். பாடத்தை மனத்திற் பதிய வைக்காது என்பதை அனுபவம் கற்பித்தது. கைஸ்டில் பிரம்பு பணமாக மாறியது, அவ்வளவே வேறுபாடு. மேலும் ஒரு கொடுமை உண்டு. அங்கு மதிப்பெண், மாணாக்கரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் போடப்பட்டது. அவ்வாறு போட்டால், எல்லோரும் நன்றாகப் படித்தாலும் சிலர் கீழே நின்றே தீர வேண்டும். அப்படி நின்றவனைச் சோம்பேறி என்று தண்டிப்பது நீதியாகுமா? தன் ஊரில் முதல் மாணாக்கனாக இருந்தவன், வீட்டுக்குக் கட்டணச் சீட்டு அனுப்பும் நாளில் தாய் தந்தையர் முகத்தை எவ்வாறு நோக்குவான்?

2011ஆம் ஆண்டு ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே அக்கழகத்து மாணாக்கர் நால்வர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். ஓர் உயிர் பிரிந்ததற்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது அறிவுடைமை ஆகாது. ஒவ்வொருவர் துயரமும் தனித்தனி. ஆனால் தளர்ந்தவனைத் தாங்குவதற்கு மாறாக அவனுக்கு அபராதம் விதித்த ஓர் ஏற்பாடு, தன்மேல் பழியில்லை என்று கை கழுவ முடியாது. ஏப்ரல் மாதம் கட்டண விதியைக் கைவிடுவதாகச் சு அறிவித்தார். இரண்டு நாள் வகுப்புகளை நிறுத்தி ஆசிரியரும் மாணாக்கரும் கூடிப் பேசினர். பேச வேண்டியதை நான்காண்டுகளுக்கு முன்னரே பேசியிருக்கலாம் என்ற எண்ணம் எவர் நெஞ்சிலும் எழாமல் இராது.

அவர் நூலே சான்று

சு நாம் பியோ சாதாரண நிருவாகி அல்லர். பொருள்களை எவ்வாறு வடிவமைக்க வேண்டும் என்பதற்கே இலக்கணம் வகுத்த அறிஞர். 1990இல் வெளிவந்த அவர் நூல் அத்துறையில் பெயர் பெற்றது. அவருடைய முதல் விதி இது: ஒரு கருவி செய்ய வேண்டிய பணிகள் ஒன்றையொன்று கெடுக்காமல் தனித்தனியே இயங்க வேண்டும். குளியலறைக் குழாயை இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். வெந்நீருக்கு ஒரு திருகு, தண்ணீருக்கு ஒரு திருகு என்று வைத்தால், நீரின் அளவைக் கூட்டப் போனால் சூடு மாறிவிடும். சூட்டைச் சரிசெய்யப் போனால் அளவு மாறிவிடும். அளவுக்கு ஓர் அசைவு, சூட்டுக்கு ஓர் அசைவு என்று பிரித்து வைத்ததே நல்ல குழாய்.

இந்த அளவுகோலை அவர் சீர்திருத்தத்துக்கே வைத்துப் பார்க்கலாம். மாணாக்கன் ஊக்கத்தோடு படிக்க வேண்டும் என்பது ஒரு பணி. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது இன்னொன்று. பலவகைப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வர வேண்டும் என்பது மூன்றாவது. வரிப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது நான்காவது. நான்கும் நல்லவை. ஆனால் நான்கையும் மதிப்பெண் என்னும் ஒரே திருகில் கட்டிவிட்டார்கள். பொதுப் பள்ளியிலிருந்து வந்தவன், அறிவியற் பள்ளியில் முன்னரே படித்துவிட்டு வந்தவனோடு அதே வகுப்பில், பழகாத மொழியில் போட்டியிட்டு, தோற்றால் பணமும் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் தள்ளியதற்கு இது ஒப்பாகும். குழாய்க்கு விதி எழுதிய அறிஞர், மனிதப் பிள்ளைகளுக்கு அந்த விதியை மறந்தது வியப்பே.

சுமை யாருக்கு?

ஆயினும், சீர்திருத்தமே தீது என்று முடிவு கட்டுவதும் பிழை. 2011 ஏப்ரல் 13இல் மாணாக்கர் கூடி, போட்டியையே முதன்மையாகக் கொண்ட சீர்திருத்தம் தோல்வி என்று தலைவர் ஒப்புக்கொள்ள வேண்டுமென ஒரு தீர்மானம் கொண்டுவந்தனர். 852 பேர் கலந்துகொண்டதில் 416 பேர் ஆதரித்தனர். 317 பேர் எதிர்த்தனர். மற்றவர் நடுநிலை வகித்தனர். பாதிக்குப் பத்து வாக்குக் குறைந்தமையால் தீர்மானம் வீழ்ந்தது. துயரத்தின் நடுவிலும் அவ்விளைஞர் காட்டிய நிதானம் போற்றத்தக்கது. வலித்த இடம் எது, வளர்த்த இடம் எது என்று அவர்கள் பிரித்தறிய முயன்றனர். பேராசிரியர்களுடனான பிணக்கு மட்டும் தீரவில்லை. 2013 பிப்ரவரியில் சு பதவி விலகினார்.

வலித்ததையும் வளர்த்ததையும் பிரித்துக் காட்டும் கோடு ஒன்று உண்டு. உலகப் புகழுக்கான சுமையை ஆசிரியரும் நிருவாகமும் தாங்கிய இடங்களில் சீர்திருத்தம் பயன் தந்தது. முதிர்ந்தவர், சம்பளம் பெறுபவர், தம் உரிமையைப் பேசத் தெரிந்தவர் அச்சுமையைத் தாங்கலாம். பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளில் அதே சுமையை ஏற்றிய இடத்தில் அது கெட்டது. குறைந்த மதிப்பெண் என்பது குற்றச் சாட்டு அன்று. உதவி வேண்டும் என்று மாணாக்கன் எழுதிய விண்ணப்பம். அதைப் படிக்கத் தெரிந்தவரே ஆசிரியர். அதற்கு விலை போடுபவர் கணக்கர்.

உலகப் பட்டியலில் ஏற விரும்பும் எந்தக் கல்விக் கூடமும், சிறிதாயினும் பெரிதாயினும், இதனைச் சிந்திக்க வேண்டும். தலைசிறந்த மாணாக்கனைக் கொண்டு ஒரு கல்விக் கூடம் புகழ் பெறலாம். அதன் தரத்தை அறிய விரும்புவோர், அங்கே கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளை எப்படி நடத்தப்படுகிறான் என்று போய்ப் பார்க்க வேண்டும்.