கிழிந்த வலையும் கிழியாத வலையும்

நெய்தற் பாட்டைக் கற்பிப்போர் பெரும்பாலும் இரங்கலோடு நின்றுவிடுகின்றனர். தலைவி வருந்தினாள், தோழி ஆற்றினாள் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. கடலும் கடல்வாழ் உயிரும் வெறும் பின்புலம் என ஒதுக்கப்படுகின்றன. கருப்பொருளை இவ்வாறு ஒதுக்குவது பாட்டிற் பாதியைக் கைவிடுவதாகும்.

கல்லாடனார் பாடிய குறுந்தொகை 269ஆம் பாட்டை நோக்குக. சுறா தாக்கிய புண் ஆறித் தந்தை மீண்டும் கடல் புகுந்தான். தாய் உப்பை நெல்லுக்கு மாற்றச் சென்றாள். தலைவன் வருதற்கு ஏற்ற பொழுது இது என்னும் குறிப்பை அனைவரும் விளக்குவர். அது பொருந்தும். ஆயினும், அப்புண் வேறொன்றையும் உணர்த்துகிறது: வேட்டையாடுவோனும் புண்படுகிறான். அகநானூற்றிலோ சுறா கிழித்த வலை முற்றத்துத் தாழையில் தொங்கக் காண்கிறோம். அக்கடலில் வலை எப்போதும் வென்றதில்லை.

இன்றைய கடலில் அந்நிலை இல்லை. ஜொகூர் மாநிலத்து மெர்சிங் கரைக்கு அப்பால் சிபு, திங்கி என்னும் தீவுகளைச் சூழ்ந்த கடற்புல் வெளிகளில் ஆவுளியா மேய்கிறது. கடற்பசு என்பதும் இதுவே. மலாய் மக்கள் டூயோங் என்பர். இது மீனன்று, திமிங்கிலம் போலப் பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலெழுந்து மூச்சு வாங்காவிடில் மாண்டுபோகும். நைலான் வலையோ எளிதிற் கிழிவதில்லை. அதிற் சிக்கிய உயிர் மூச்சடைத்து இறக்கிறது. விசைப்படகு மோதுவதாலும், கடலைத் தூர்த்து நிலமாக்குகையில் புல்வெளி புதைவதாலும் மேலும் கேடு விளைகிறது. சில ஆண்டுகளுக்கு ஒரு குட்டியே ஈனும் இவ்வினம் இவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது.

சங்கப் புலவர் கடல்வளக் காப்பைப் பாடினார் என்று இதனால் முடிவு கட்டலாமோ எனின், கூடாது. அது புலவர் கூறாததை அவர்மேல் ஏற்றுவதாகும். அவர் தாம் கண்ட கடலைப் பாடினார். அக்கடலுக்கும் இக்கடலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிதலே நம் கடன்.

தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் பாக்கு நீரிணைப் பகுதியில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. பரதவர் வாழும் நெய்தல் நிலமே அது. ஜொகூர்த் தீவுகளைச் சூழ்ந்த கடலும் கடற்பூங்காவாகக் காக்கப்படுகிறது. ஆயினும், வேலியில்லாக் கடலில் எல்லைக் கோட்டை விலங்கு அறியாது. வலை வீசுவோனே அறிதல் வேண்டும்.

எனவே, நெய்தற் பாடம் நடத்தும் ஆசிரியர் மாணவரிடம் ஒரு வினா எழுப்புவாராக: அன்று சுறா வலையைக் கிழித்தது, இன்று ஆவுளியாவுக்காக அவ்வலையை விலக்குவார் யார்? இவ்வினா எழும் வகுப்பிலேதான் நெய்தல் முழுமையாகக் கற்பிக்கப்பட்டதாகும்.