யார் வீட்டுக்கு யார் விருந்தாளி?

கொரோனா நோய் உலகைக் கதவடைக்கச் செய்த 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இசைமண்டபங்கள் இருண்டு கிடந்தன. அவ்வாண்டு மே திங்களில், மின்னியாபொலிஸ் நகரத்துத் தெருவில், ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தார் காவலன் ஒருவனின் முழங்காலின்கீழ் மூச்சடங்கி மாண்டார். நாடே கொதித்தது, அந்த வெம்மை இசையுலகையும் தொட்டது. மண்டபம் திறக்க வழியற்ற இசைக்குழுக்கள் பல, கறுப்பினத்து இசைவாணர் இயற்றிய உருப்படிகளைத் தேடியெடுத்து, நால்வர் ஐவராக அமர்ந்து வாசித்து, இணையவழியே உலகத்தார் வீடுகளுக்கு அனுப்பின. நடத்துநரின் கோல் இல்லாமல், ஒருவர் வாசிப்புக்கு மற்றவர் செவிகொடுத்து வாசிக்கும் இவ்வகையை அறையிசை என்பார்கள். மன்னர் மாளிகைகளிலும் செல்வர் கூடங்களிலும் வளர்ந்த கலை அது.

அந்தக் கூடத்தில் கறுப்பருக்கு என்ன வேலை என்று கேட்போர் நெடுநாள் இருந்தனர். குவாதலூப் தீவில் அடிமைத் தாய்க்குப் பிறந்த செவாலியே டி செயின்ட் ஜார்ஜ், பிரெஞ்சு நாட்டில் நரம்பிசை நால்வர்க்கென முதன்முதல் எழுதியவர்களுள் ஒருவர். 1776-இல் பாரிஸ் இசைநாடக அரங்கின் தலைமை அவருக்கு வரவிருந்தது. கலப்பினத்தான் ஒருவன் கட்டளைக்கு நாங்கள் பணிவதா என்று பாடகியர் சிலர் அரசிக்கு விண்ணப்பம் போட்டனர்; பதவி பறிபோயிற்று. புளோரன்ஸ் பிரைஸ் என்னும் கறுப்பின அம்மையாரின் முதல் சிம்பொனியை 1933-இல் சிகாகோ இசைக்குழு வாசித்தது. ஆயினும் பத்தாண்டுகள் கழித்து, 1943-இல், பாஸ்டன் நகரத்து நடத்துநருக்கு அவர் கடிதம் எழுத வேண்டியிருந்தது: பெண்ணாய்ப் பிறந்தது ஒரு குறை, கறுப்பாய்ப் பிறந்தது மறு குறை, இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஏட்டை மட்டும் பாருங்கள் என்று. அந்தப் பெரிய மனிதர் அவருடைய சிம்பொனியைக் கடைசிவரை மேடையேற்றவில்லை. 1953-இல் அம்மையார் மறைந்தார். அவருடைய கையெழுத்து ஏடுகளில் பெரும்பகுதி 2009-இல், பாழடைந்த வீடொன்றில் கண்டெடுக்கப்பட்டது.

இதைத் தேனியில் இருந்துகொண்டு எழுதுவானேன் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. புளோரன்ஸ் அம்மையார் அக்கடிதம் எழுதிய அதே 1943-இல்தான், உத்தமபாளையம் வட்டத்து மலையடிவாரமான பண்ணைப்புரத்தில், தாழ்த்தப்பட்டோர் குடியில், இராசையா பிறந்தார். சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டே. அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாட, ஆர்மோனியப் பெட்டியோடு ஊர்ஊராய்ச் சுற்றிய அந்த இளைஞர், இளையராஜா என்ற பெயரில் 1976-இல் 'அன்னக்கிளி' வழியே நாடறிந்தார். அதையெல்லாம் நாம் அறிவோம். நாம் அறியாதது, அல்லது அறிந்தும் பேசாதது, 1986-இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தட்டு. எப்படிப் பெயரிடுவது என்பது அதன் பொருள். பாட்டில்லை, படமில்லை, நாயகனில்லை; வயலின் முதன்மை பெற்ற நரம்பிசை. வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் படைக்கப்பட்ட தட்டு அது.

அதிலுள்ள உருப்படிகளுள் ஒன்றின் பெயர் 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. அறையிசை தியாகராசரை வரவேற்கிறது! இன்னொன்று 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்! இந்தப் பெயர்களை விளையாட்டென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1946-ஐ எண்ணிப் பாருங்கள். திருவையாற்றில், தியாகராசர் திருநாளில், தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டொன்று பாடினார். சந்நிதி தீட்டுப்பட்டுவிட்டது என்று பதறினர் வைதீக வித்துவான்கள். 'தீட்டாயிடுத்து' என்ற தலைப்பில் 'குடி அரசு' ஏட்டில் கலைஞர் எழுதிய கண்டனம் நம் இயக்கத்தார் மறக்கக்கூடியதா? தமிழ் நுழைந்தாலே தீட்டென்ற அந்தச் சந்நிதிக்குரியவரை, நாற்பது ஆண்டுகள் கழித்து, பண்ணைப்புரத்து இராசையா தம் கூடத்திற்கு விருந்தினராக அழைக்கிறார். வாயிலில் நின்று வரவேற்பவர் யார்? வீட்டுக்காரர். அமரச் சொல்லும் இடத்தில் அமர்பவர் யார்? விருந்தாளி. சேரிக்காரன் தெருவில் நடக்கவும் தடையிருந்த நாட்டில் இது சிறிய சொல்லன்று.

இசையும் அச்சொல்லை மெய்ப்பிக்கிறது. பாக் தனி வயலினுக்கு எழுதிய பார்ட்டிட்டா ஒன்றின் முன்னுரைப் பகுதி முல்லைப் பெரியாறுபோல் இடைவிடாது ஓடுகிறது. அதன்மேல் மற்றொரு வயலின், நம் இசைக்கே உரிய வளைவுகளோடும் கமகங்களோடும் தன் பேச்சைத் தொடங்குகிறது. பாக்கின் சொல்லை மாற்றவில்லை. தன் சொல்லை விழுங்கவுமில்லை. ஃபியூக் என்னும் முறையைக் கையாண்ட உருப்படியும் உண்டு. ஒரு குரல் எடுத்த அடியை இரண்டாம் குரல் வேறொரு நிலையில் எடுக்க, மூன்றாம் குரல் அதைத் துரத்த, எல்லாம் ஒருங்கே நடைபோடும் கட்டுமானம் அது. நம் கச்சேரியில் நடுவே ஒருவர், பக்கத்தில் சிலர் என்ற வரிசை உண்டே, அது இங்கே கிடையாது.

குறையொன்றும் சொல்லத்தான் வேண்டும். தியாகராசர் வந்தார், பாக் வந்தார். பக்கத்துத் தெருக்காரன் வந்தானா? கம்பம் பள்ளத்தாக்கின் பறையையும் உறுமியையும் இந்தத் தட்டில் நான் கேட்கவில்லை. திரைப்படத்தில் அவற்றுக்கு அரியணை கொடுத்தவர், உயர்ந்தோர் செவிக்கென்று செய்த தட்டில் ஏன் திண்ணையில்கூட இடம் தரவில்லை? நீலம் பண்பாட்டு மையம் 2020-இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' இந்தக் கேள்வியைத்தான் தன் வழியில் கேட்டது.

அவருடைய பக்தியில் நமக்குப் பங்கில்லை. 2022-இல் அண்ணல் அம்பேத்கரோடு மோடியை ஒப்பிட்டு அவர் எழுதிய முன்னுரையில் அணுவளவும் உடன்பாடில்லை. தம்மைச் சாதியால் அடையாளம் காட்டுவதை அவர் விரும்பமாட்டார். அது அவர் உரிமை. ஆனால் அவரைப் போற்றுவோர் செய்வது வேறு. 'ஆண்டவன் கொடுத்த வரம், சார்' என்கிறார்கள் என் வகுப்பு மாணவர்கள். வீட்டில் கேட்டதைச் சொல்கிறார்கள். 'இசைஞானி' என்று பட்டம் தந்தவர் நம் கலைஞரே என்பதை அறிந்தே சொல்கிறேன்: ஞானி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு உழைப்பை மறைத்துவிட்டார்கள். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையின் குறியீட்டை எழுத்தெழுத்தாய்க் கற்றது வரமா? ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராய் ஆண்டுக்கணக்கில் உழன்றது வரமா? லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார்த் தேர்வு எழுதியது வரமா? 1993-இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவினர் அவருடைய சிம்பொனியொன்றைப் பதிவு செய்தும் அது வெளிவரவில்லை. 2025 மார்ச் 8-இல் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அந்நகரில் வாசிக்கப்பட்டபோது அவருக்கு வயது 81. முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளிக்கு எந்த ஆண்டவன் பொறுப்பேற்பான்?

வரமென்று சொல்லிவிட்டால் தடைகளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தடை போட்டவனைப் பற்றியும் பேச வேண்டியதில்லை. வைதீகத்துக்கு இதைவிட மலிவான தப்பும் வழி ஏது? அமெரிக்கக் குழுக்கள் செயின்ட் ஜார்ஜை வாசித்தபோது பாடகியரின் விண்ணப்பத்தையும் சேர்த்தே பேச முடிந்தது.

தேனியில் அப்படியொரு மாலையை நாம் நடத்தலாம். மாதா கோவில்களில் வயலின் வாசிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட மண்டபம் போதும். செயின்ட் ஜார்ஜின் நால்வர் உருப்படி ஒன்று, புளோரன்ஸ் அம்மையாருடையது ஒன்று, பின்பு நம் பண்ணைப்புரத்தாரின் 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. ஒவ்வொன்றுக்கும் முன்னே, இயற்றியவர் எந்தத் தெருவில் பிறந்தார், எந்தக் கதவு அவருக்கு அடைபட்டது, யாரிடம் கற்றார் என்பதை ஐந்து நிமிடம் ஒருவர் எழுந்து சொல்லட்டும். இடைவேளையில் பள்ளத்தாக்கின் பறைக் கலைஞர்கள் வாசிக்கட்டும். வாயிற்புறத்தில் அல்ல, அதே மேடையில், அதே நாற்காலிகளில்.