வகைமை வழிப் பரிந்துரை: ‘வெண்பா’, ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ ஆகிய சுயாதீன விளையாட்டுகளை முன்வைத்து

பெருநிறுவன முதலீடு இன்றிச் சிறு குழுக்களோ தனியொருவரோ உருவாக்கும் காணொளி விளையாட்டுகள் சுயாதீன விளையாட்டுகள் எனப்படுகின்றன. அவற்றுள் ஒன்றைத் தமிழ் மாணவருக்குப் பரிந்துரைக்க வேண்டின், டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வே முதலில் சுட்டப்படுகிறது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்ற அதன் தகுதியில் ஐயமில்லை. ஆய்வுக்குரியது பரிந்துரைக்குக் கூறப்படும் காரணம்: அது தமிழரைப் பற்றியது என்பதே அக்காரணம். கதைப்பொருளை மட்டும் நோக்கும் இவ்வணுகுமுறை, விளையாட்டைச் சிறுகதையாகச் சுருக்கிவிடுகிறது.

‘வெண்பா’ வகைமையால் ஒரு புதிர் விளையாட்டு. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, தாய் தந்த சமையல் குறிப்பேட்டைக் கொண்டு சமைக்கிறாள். ஏட்டின் பக்கங்கள் சிதைந்துள்ளன. அழிந்த வரிகளை ஆடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்கும் முறை முதற்புதிராக அமைகிறது. பின்னர், தமிழை அரைகுறையாகவே படிக்கத் தெரிந்த மகன் கவினின் கைக்கு அதே ஏடு வருகிறது. ஏடு மாறவில்லை, படிப்பவர் மாறிவிட்டார். மொழியிழப்பை உரையாடல் சொல்வதைவிட, ஆடுபவரின் கைத்தயக்கம் கூர்மையாக உணர்த்துகிறது. தலைமுறை இடைவெளி பற்றிய புலம்பெயர் புனைகதைகள் பலவும் எட்டாத இடம் இது.

எனினும் இப்புதிர் ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது: சமையலறிவு ஏட்டில் இருக்கிறது, ஏடு சிதைந்தால் அறிவும் சிதையும். விளையாட்டில் பிரியாணியும் சமைக்கப்படுகிறது. சீரகச் சம்பா அரிசியும் விறகடுப்புமாகத் தேக்சாவில் பிரியாணி இறக்கும் ஆம்பூர்ச் சமையற்காரரின் அறிவு ஏட்டில் இல்லை. உடனிருந்து பழகிய கையில் இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியில் பயிலும் மாணவருக்குப் பிரியாணி மீட்டெடுக்க வேண்டிய நினைவன்று, எண்ணெய்க் கத்தரிக்காயோடு தெருமுனையில் கிடைக்கும் அன்றாட உணவு. தொலைவும் எழுத்தறிவும் கூடிய குடும்பத்தின் இழப்பைத்தான் ‘வெண்பா’ பேசுகிறது. அதைத் தமிழர் அனைவரின் அனுபவமாகப் பரிந்துரைப்பது விமரிசனக் குறைபாடு. (சமையலில் தவறினால் தண்டமின்றி மீண்டும் முயலலாம் என்ற மென்மையும் இவ்விழப்பின் எடையைச் சற்றுக் குறைக்கவே செய்கிறது.)

அம்மாணவரின் குடும்பம் தோல் தொழிலில் இருப்பதாகக் கொள்வோம். அவருக்கு நெருக்கமான விளையாட்டு, தமிழ்ப்பெயர் ஒன்றுகூட இல்லாத ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ ஆகலாம். லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட இதில் ஆடுபவர் ஆர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் ஆவணம் சரிபார்க்கும் ஊழியர். முறையாக ஆய்ந்த ஒவ்வொரு பயணிக்கும் கூலி உண்டு. அன்றைய முதலிரு பிழைகளுக்கு எச்சரிக்கை, அதன்மேல் பிடித்தம். நாளின் முடிவில் வாடகை போக, உணவு, கணப்பு, மருந்து ஆகியவற்றுள் எதை விடுவது என முடிவுசெய்ய வேண்டும். கணவனின் ஆவணங்கள் சரியாக இருக்க, பின்னால் வரும் மனைவியிடம் நுழைவுச் சீட்டு இல்லை. அவளை அனுமதிக்கும் இரக்கத்திற்கு விலை உண்டு, அதை ஊழியரின் வீடே செலுத்துகிறது.

ஆம்பூர் வட்டாரத்தில் ‘அப்பர்’ எனப்படும் காலணி மேற்பகுதியை வீட்டிலிருந்தே தைத்துத் தரும் பெண்கள் இணைக்கு இவ்வளவு என்றே கூலி பெறுகின்றனர். வேகமும் பிழையும் அடுப்படிக் கணக்கும் ஒரே முடிச்சாகும் அவ்வாழ்வின் அமைப்பு, இவ்விளையாட்டின் விதிகளில் இருக்கிறது. சாவடி ஊழியரின் தனிமைகூட வீட்டில் தைப்பவரின் தனிமையை ஒத்ததே. இந்த ஒப்புமை கதைச்சுருக்கத்தில் தென்படாது, ஆடும்போதுதான் புலப்படும்.

தமிழ் மரபுக்கு இவ்வணுகுமுறை அயலானதன்று. சங்கப் பாடல்களைத் திணையும் துறையும் கொண்டே வகுத்தனர். புலவரின் ஊர் அவ்வகுப்புக்கு அளவுகோலாகவில்லை. அவ்வாறு நோக்கினால் ஆய்வாளர்களுக்கு உரியதும் ஒன்றுண்டு. சாம் பார்லோவின் ‘ஹெர் ஸ்டோரி’ (2015) ஒரு பெண்ணிடம் காவல்துறை நடத்திய விசாரணையின் காணொளித் துணுக்குகளைச் சொல் உள்ளிட்டுத் தேடவைக்கிறது. எத்தனை துணுக்குகள் பொருந்தினாலும் முதல் ஐந்தே திறக்கும். ஆகவே தேடுசொல்லைத் தீட்டிக்கொண்டே செல்ல வேண்டும். சொல்லடைவு புரட்டிப் பழகியவர்களுக்கு அந்த வேலை புதிதன்று.