நூல் நோக்கு: லேடெக் கற்கத் தொடங்குவோர்க்கு

சமன்பாடுகள் நிறைந்த பக்கத்தைப் பிழையின்றி அச்சில் கொணர்வது எளிதன்று. கணிப்பொறி அறிஞர் டொனால்டு நூத், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பின் தரம் கண்டு மனம் நொந்து, 1977-இல் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு நிரலை வகுக்கலானார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் அமைத்த கட்டளைத் தொகுதியே 'லேடெக்'. அதற்கு அவரே எழுதிய வழிகாட்டி நூல் 1986-இலும், திருத்திய இரண்டாம் பதிப்பு 1994-இலும் வெளிவந்தன. புதிதாகத் தொடங்கும் மாணவர்க்கு இந்நூல் இன்றும் போதுமா?

நூலின் தலையாய சிறப்பு அதன் அடிப்படைக் கருத்தாகும். 'இதைத் தடித்த எழுத்தில் இடுக' என்று கட்டளையிட வேண்டா. 'இது தலைப்பு' என்று மட்டும் குறித்தால் போதும். எழுத்தளவையும் இடைவெளியையும் வரிசை எண்ணையும் நிரல் பார்த்துக்கொள்ளும். நடுவே ஒரு சமன்பாட்டைப் புகுத்தினாலும் பின்வரும் எண்கள் தாமே மாறிவிடும். பிழைச் செய்திகளை விளக்க ஓர் அதிகாரமே ஒதுக்கியிருப்பது பாராட்டுக்குரியது.

குறை, துணைநிரல்களைப் பற்றிய பகுதியில் உள்ளது. மேற்கோள் நூற்பட்டியலுக்குப் 'பிப்டெக்', பொருளகராதிக்கு 'மேக் இண்டெக்ஸ்' என இரு துணைநிரல்கள் உள்ளன. இவற்றின் நுணுக்கங்கள் பிற்சேர்க்கைகளுக்குத் தள்ளப்பட்டுள்ளன. லேடெக்கை முதன்முறை இயக்கும்போது மேற்கோள் குறிகள் ஒரு துணைக்கோப்பில் பதிவாகின்றன. பிப்டெக் அதைப் படித்துப் பட்டியலை ஆக்குகிறது. இரண்டாம் முறை பட்டியல் ஆவணத்தில் சேர்கிறது. மூன்றாம் முறைதான் எண்கள் உரிய இடத்தில் அமர்கின்றன. அதுவரை அவ்விடங்களில் கேள்விக்குறியே நிற்கும். இந்தச் சங்கிலியை ஒரே படமாக முதலிலேயே காட்டியிருக்க வேண்டும். கேள்விக்குறியைக் கண்ட தமிழ்வழி மாணவன், 'இது நமக்கு எட்டாத வித்தை' என்று ஒதுங்கிவிடக் கூடும். இழப்பு அவனுக்கு மட்டுமன்று. அவன் எழுதியிருக்கக்கூடிய தமிழ் அறிவியல் நூல்களை நாமும் இழக்கிறோம்.

தமிழில் எழுத விரும்புவோர்க்கு இந்நூல் வழிகாட்டாது. ஒருங்குறி எழுத்துகளை நேரடியாக ஏற்கும் 'சீடெக்' நிரல் 2004-இல்தான் வந்தது. தமிழ் ஆவணத்துக்கு இன்று அதையே, தமிழ் எழுத்துருவுடன் பயன்படுத்தலாம்.

ஆகவே, முதல் மூன்று அதிகாரங்களைப் படித்தவுடன் இரண்டு பக்கச் சோதனைக் குறிப்பொன்றை அச்சுக்கோத்துப் பாருங்கள். அதன்பின் ஐந்தே நூல்கள் கொண்ட பட்டியலைப் பிப்டெக்கில் அமையுங்கள். அகராதி பிறகு வரட்டும். நூலகத்தில் இருக்க வேண்டிய நூல்தான். ஆனால் ஆசிரியர் ஒருவர் அருகிலிருந்து அந்தச் சங்கிலிப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால்தான் இது முழுப்பயன் தரும்.