மலிவு உழைப்பும் இரட்டை நாவும்: சென்னை மேற்குப் புறநகர்ப் புலம்பெயர் தொழிலாளர் குறித்த அரசியல் சொல்லாடல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னை மேற்குப் புறநகர்ப் பகுதிகளின் தொழிற்கூடங்களும் கட்டுமானக் களங்களும் வட, கிழக்கு மாநிலத் தொழிலாளரின் உழைப்பைச் சார்ந்து இயங்குகின்றன. அதே தொழிலாளர் அரசியல் மேடைகளில் ஊடுருவியவராகவும் வந்தேறியாகவும் பேசப்படுகின்றனர். உழைப்பை வேண்டுதல், உழைப்பவரை மறுத்தல் என்னும் இம்முரண்பாடு கட்சிகளின் தற்செயலான தடுமாற்றமன்று; கூலியை மலிவாக வைத்திருக்கும் ஏற்பாட்டின் ஓர் உறுப்பு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சட்டங்கள், தேர்தல் வாக்குறுதிகள், அரசியல் உரைகள் ஆகியன இங்குத் திறனாய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புலம்பெயர் தொழிலாளர், மலிவு உழைப்பு, ஒப்பந்தமுறை, சட்டவிரோதம், கங்காணி முறை, அம்பத்தூர் தொழிற்பேட்டை.

முன்னுரை

1955ஆம் ஆண்டு சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயத்தை நாட்டின் இலக்காக அறிவித்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூரில் அரசின் தொழிற்பேட்டையும் தோன்றின. பின்னர் திருமழிசை, பூந்தமல்லி, திருப்பெரும்புதூர் என மேற்கு நோக்கித் தொழில் விரிந்தது. நிலையான வேலை, தொழிற்சங்கம், ஓய்வூதியம் ஆகியவற்றை எதிர்பார்க்கக்கூடிய ஒரு தொழிலாளர் தலைமுறையை இப்பகுதி உருவாக்கியது. இன்று அதே பேட்டைகளின் அச்சுவார்ப்பு, இயந்திரப் பாகங்கள், பொதிகட்டுதல், கிடங்கு ஆகிய பணிகளிலும், பூந்தமல்லியை நோக்கி நீளும் மெட்ரோ இரயில் கட்டுமானத்திலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தவரைக் காணலாம். அவர்களுள் மிகப் பலர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள்.

தமிழக அரசின் தொழிலாளர் துறை 2015–16ஆம் ஆண்டளவில் மேற்கொண்ட கணக்கெடுப்பு, மாநிலத்தில் 10.67 இலட்சம் புலம்பெயர் தொழிலாளர் இருப்பதாகக் கூறியது. இவ்வளவு பெரிய தொகையினர் ஒரு மாநிலத்தின் உற்பத்தியில் பங்கேற்கும்போது, அவர்களைப் பற்றிய பேச்சும் அவர்களை நடத்தும் முறையும் எவ்வளவு பொருந்துகின்றன என்பது ஆராயத்தக்கது.

1. சொல்லும் பொருளும்

பட்டினப்பாலை, வேற்று நிலங்களிலிருந்து வந்த பல மொழி மக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்ததை அந்நகரின் பெருமையாகப் பேசுகிறது. ‘புலம்பெயர்தல்’ அங்கு இழிவுக்குரிய செயலன்று. இக்காலப் பொதுவெளியிலோ இச்சொல் இரண்டாகப் பிளவுபட்டுள்ளது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தமிழர் ‘புலம்பெயர்ந்தோர்’. அம்பத்தூரில் வாழும் பீகாரி ‘வடக்கன்’, ‘வந்தேறி’. நாம் தமிழர் கட்சியின் தலைவர் சீமான், வடகிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் உள்ளதுபோன்ற உள்நுழைவு அனுமதிச் சீட்டு முறை தமிழ்நாட்டுக்கும் வேண்டுமென வற்புறுத்தி வருகிறார். கேரளமோ ‘அதிதி தொழிலாளி’, அதாவது விருந்தினர் தொழிலாளர் என்ற சொல்லை அரசு வழக்காக்கியது. இச்சொல் கனிவானதாகத் தோன்றினும் விருந்தினர் என்றேனும் புறப்பட்டுச் செல்ல வேண்டியவர் என்னும் குறிப்பு அதனுள் அடங்கியிருக்கிறது. வசைச்சொல்லும் விருந்துச்சொல்லும் தொழிலாளரை நிலையாகத் தங்கும் உரிமையற்றவராகக் காட்டுவதில் ஒன்றுபடுகின்றன.

இங்கு அடிப்படையான ஒரு வேறுபாட்டை வற்புறுத்த வேண்டியுள்ளது. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு, குடிமகன் எவரும் நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், தங்கவும், தொழில் செய்யவும் உரிமை வழங்குகிறது. ஆகவே பீகாரிலிருந்து ஆவடிக்கு வருபவரின் வருகையில் சட்டவிரோதம் என்பதற்கே இடமில்லை. ‘சட்டவிரோதக் குடியேறி’ என்பது அயல்நாட்டவருள் ஒரு பிரிவினரைக் குறிக்கும் சட்டச்சொல். மொழி, தோற்றம், வறுமை ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு அச்சொல்லின் நிழலைக் குடிமக்கள் மீதும் படரவிடுவதே இன்றைய சொல்லாடலின் முதல் பிழை.

2. யாருடைய விதிமீறல்?

ஒடிசாவின் ‘தாதன்’ எனப்பட்ட ஆள்சேர்ப்பு முறையின் கொடுமைகள் வெளிப்பட்டதன் விளைவாக, மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் 1979இல் இயற்றப்பட்டது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வெளிமாநிலத் தொழிலாளரை ஒப்பந்தக்காரர் வழியாக அமர்த்தும் நிறுவனம் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டியிருந்தது. ஒரே வகை வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளருக்கு இணையான கூலி, இடப்பெயர்வுப் படி, பயணப் படி, தக்க உறைவிடம், மருத்துவ வசதி ஆகியன அளிக்கப்பட வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரர் படிகளையும் வசதிகளையும் அளிக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

இவ்விதிகள் மதிக்கப்பட்டிருப்பின் மலிவு உழைப்பு மலிவாக இருந்திராது. அவற்றை மீறியவருக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த தண்டனை ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். நாற்பதாண்டுகளுக்கு மேல் அத்தொகை உயர்த்தப்படவில்லை. இதற்கு மாறாக, 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், உரிய ஆவணமின்றி நுழைந்த அயல்நாட்டவருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. தான் அயல்நாட்டவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமையும் குற்றம் சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது. முர்சிதாபாத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளி, தன் பிறப்பையும் பெற்றோரையும் தாள்களால் மெய்ப்பிக்க வேண்டும். அவரை அமர்த்தியவர் தம் உரிமத்தைக் காட்ட வேண்டிய நெருக்கடி அவ்வளவு எளிதில் எழுவதில்லை.

புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தைத் தன்னுள் அடக்கிய 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் அபராதத்தை உயர்த்தியது. தாமாகவே வேலை தேடி வந்தவரையும் வரையறைக்குள் கொணர்ந்தது. ஆயினும் ஐந்து என்றிருந்த எண்ணிக்கை வரம்பைப் பத்தாக்கியது. ஆய்வாளர் ‘ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பவர்’ ஆனார். சிறு தொழிற்கூடங்கள் நிறைந்த அம்பத்தூர் போன்ற பேட்டையில் இவ்வரம்பு மாற்றம் எளிதில் கடந்து போகத்தக்கதன்று. ஆறு பேரையோ எட்டுப் பேரையோ வைத்து வேலை வாங்கும் பட்டறை புலம்பெயர் தொழிலாளருக்கான விதிகளின் பார்வையிலிருந்தே மறைந்துவிடுகிறது.

அமெரிக்க நாட்டின் அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. 1952ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆவணமற்றவருக்கு அடைக்கலம் தருவதைக் குற்றமாக்கியது. ஆனால் அவரை வேலைக்கு அமர்த்துவது அடைக்கலம் ஆகாது என்று விலக்களித்தது. டெக்சாஸ் பண்ணை முதலாளிகளின் நலன் கருதிய இவ்விலக்கு 1986 வரை நீடித்தது. அவ்வாண்டின் சட்டமும் ‘அறிந்தே’ அமர்த்தியவரை மட்டுமே குற்றவாளியாக்கியது. எல்லையில் கடுமை, தொழிற்கூட வாயிலில் நெகிழ்ச்சி என்னும் இவ்வமைப்பு ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் தெளிவாகும்.

3. இறப்பும் கண்காணிப்பும்

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் எனக் கருதப்பட்ட ஐவர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து, வாடகைக்குக் குடியிருப்போரின் விவரங்களை வீட்டு உரிமையாளர் காவல் நிலையத்தில் அளிக்க வேண்டும் எனச் சென்னை மாநகரக் காவல்துறை ஆணையிட்டது. வெளிமாநிலத் தொழிலாளர் அனைவரையும் ஐயத்துக்குரியவராகக் காணும் பழக்கத்துக்கு அந்நிகழ்வு வலுவூட்டியது.

ஈராண்டு கழித்து, 2014 சூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் பலர். எட்டு நாள் கடந்து, செங்குன்றம் அருகே கிடங்குச் சுவர் ஒன்று இடிந்து, அதனை ஒட்டிய குடிசைகளில் உறங்கிய 11 தொழிலாளர் உயிரிழந்தனர். தக்க உறைவிடம் வேலையளிப்போரின் கடமை எனச் சட்டம் கூறி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. விசாரணை ஆணையம், இழப்பீடு, எஞ்சியிருந்த இணைக் கட்டடத்தை 2016இல் தகர்த்தல் ஆகியவை நிகழ்ந்தன. ஆனால் அவ்விறப்புகள், ஐவரின் கதை எழுப்பியதுபோன்ற நிலையான பொது அச்சம் எதனையும் வேலையளிப்போர் பற்றி எழுப்பவில்லை.

இம்முறையின் உள்ளியக்கத்தை விளக்க இரு கருத்தாக்கங்கள் துணைபுரிகின்றன. மைக்கேல் புராவோய் 1976இல் வெளியிட்ட ஆய்வில், புலம்பெயர் உழைப்பின் மலிவுக்குக் காரணம் உழைப்பவர் ஓரிடத்திலும் அவர்தம் குடும்பம் வளர்வது வேறிடத்திலும் ஆகப் பிரிக்கப்படுவதே என்று காட்டினார். குழந்தையின் கல்வி, முதியோர் பராமரிப்பு, நோய்க்காலச் செலவு ஆகியவற்றைத் தர்பங்காவோ கஞ்சமோ ஏற்கிறது. உடல் வலுவுள்ள ஆண்டுகளை மட்டும் அம்பத்தூர் எடுத்துக்கொள்கிறது. நிக்கோலஸ் டி ஜெனோவா, நாடுகடத்தலைவிட நாடுகடத்தப்படலாம் என்ற அச்சமே உழைப்பவரைப் பணியவைக்கிறது என்றார். இந்தியக் குடிமகனை நாடுகடத்த இயலாது. எனினும் ‘துரத்தப்படலாம்’ என்ற அச்சத்தை மேடைப் பேச்சு உருவாக்கிவிடுகிறது. இவ்வகையில், வெறுப்புரை நிகழ்த்துபவர் தாம் அறியாமலேயே ஒப்பந்தக்காரருக்குத் தொண்டாற்றுகிறார்.

4. இரு மேடைகள்

தி.மு.க.வின் 2021ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கை, தொழில் நிறுவனங்களில் 75 விழுக்காடு வேலையைத் தமிழருக்கு உறுதிசெய்யும் சட்டத்தை வாக்களித்தது. அரியானா இயற்றிய இத்தகைய சட்டத்தைப் பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் அரசமைப்புக்கு முரணானதெனத் தள்ளியது. தமிழ்நாட்டில் சட்டம் வரவில்லை. மாறாக, 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு இடமளிக்கும் தொழிற்சாலைகள் திருத்த முன்வரைவு பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தபின், மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. தேர்தல் மேடையில் உள்ளூர்த் தொழிலாளரும் முதலீட்டாளர் மேடையில் நெகிழ்வான உழைப்பும் முன்னிறுத்தப்படுவதை இவ்விரு நிகழ்வுகளும் ஒருசேரக் காட்டுகின்றன.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அம்மாநிலக் குழு இங்கு வந்து பார்வையிட்டது. தமிழகக் காவல்துறை வதந்திகளை மறுத்து வழக்குப் பதிந்தது. அவ்வேளையில் தொழில் அமைப்புகள் வெளிப்படுத்திய கவலை கருதத்தக்கது: ஹோலிக்கு ஊர் சென்றவர் திரும்பாவிடில் உற்பத்தி நின்றுவிடும். நாளும் வேண்டாதவராகப் பேசப்பட்டோர் இல்லாது ஒரு திங்களும் நகராது என்பதைத் தொழில் உலகமே ஒப்புக்கொண்ட தருணம் அது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போதும் இதே உண்மை வெளிப்பட்டது.

அனுப்பும் மாநிலத்தின் அரசியலும் இதற்கு விலக்கன்று. 2025 அக்டோபர் இறுதியில் பீகார்த் தேர்தல் பரப்புரையில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தி.மு.க.வினரால் துன்புறுத்தப்படுவதாகத் தலைமை அமைச்சர் மோடி கூறினார். முதலமைச்சர் ஸ்டாலின் அதனைக் கண்டித்தார். அத்தொழிலாளரை ஊரைவிட்டு வெளியேற்றிய வேலையின்மையும், அவர்தம் பாதுகாப்பு வரம்பைச் சுருக்கிய தொகுப்புச் சட்டமும் அவ்விவாதத்தின் பொருளாகவில்லை. அதே 2025 மே மாதத்தில், வங்கதேசத்தவர், மியான்மரியர் என ஐயுறப்படுவோரை முப்பது நாளில் சரிபார்க்குமாறு ஒன்றிய உள்துறை மாநிலங்களைப் பணித்தது. அதன்பின் பல மாநிலங்களில் வங்கமொழி பேசும் இந்தியக் குடிமக்களும் பிடித்துவைக்கப்பட்டனர். தில்லியில் பிடிபட்டு வங்கதேசத்துக்குத் தள்ளப்பட்ட பீர்பூம் மாவட்டக் குடும்பத்தினரை மீட்டுவருமாறு கொல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது.

5. வாக்குரிமையும் வரலாற்று நினைவும்

2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் குறித்த விவாதத்தில், 6.5 இலட்சம் பேர் தமிழ்நாட்டு வாக்காளராகச் சேர்க்கப்படுவர் என்ற செய்தியைச் சுட்டி, அது கவலைக்குரியது, சட்டத்துக்கு முரணானது என்றார் ப. சிதம்பரம். ஆணையம் அவ்வெண்ணை மறுத்தது. எண்ணின் மெய்ம்மை ஒருபுறமிருக்க, உழைக்க வருபவர் வாக்களிக்க வரக்கூடாது என்னும் உணர்வு கட்சி வேறுபாடின்றிப் பரவியிருப்பது நோக்கத்தக்கது.

தமிழருக்கு இவ்வுணர்வின் விளைவு நன்கு தெரியும். கங்காணிகள் வழியே இலங்கை மலையகத்துக்குச் சென்ற தமிழர், தேயிலைக்கு வேண்டியவராகவும் வாக்குச்சீட்டுக்கு வேண்டாதவராகவும் கருதப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அடுத்து வாக்குரிமையும் பறிபோனது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் நிலையைப் பின்னுக்குத் தள்ளிவைத்தது. பம்பாயில் 1966இல் தோன்றிய சிவசேனை தன் முதல் வலுவைத் தென்னிந்தியர் எதிர்ப்பிலேயே பெற்றது. முன்பணத்தால் பிணைத்து, கூலியில் பிடித்தம் செய்து, குழுவாக வேலை வாங்கிய கங்காணிக்கும் இன்றைய ஆள்சேர்ப்பு ஒப்பந்தக்காரருக்கும் இடையே வேறுபாடு மிகுதியன்று. அந்த வரலாற்றை நினைவுகூரும் தமிழ்த் தேசியச் சொல்லாடல், அதனையே மறுதிசையில் நிகழ்த்த முற்படுவது ஆழ்ந்த முரண்.

6. உள்ளூர்த் தொழிலாளரின் குறை

இத்திறனாய்வு உள்ளூர்த் தொழிலாளரின் குறையைப் பொருட்படுத்தாது ஒதுக்குமாயின் அதுவும் ஒருவகை இரட்டை நாவே ஆகும். நிரந்தரப் பணியிடங்கள் ஒப்பந்தப் பணிகளாயின, பேரம் பேசும் வலிமை குன்றியது என்ற அவர்தம் வாதம் மெய்யானது. மறுபுறம், தமிழ்நாட்டின் மகப்பேற்று விகிதம் குறைந்துள்ளது. உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021–22இல் 47 விழுக்காடு. படித்த இளைஞர் பன்னிரண்டு மணிநேரப் பட்டறை வேலையை ஏற்க மறுப்பது சோம்பலன்று. அது சமூக முன்னேற்றத்தின் விளைவு. அவர் மறுத்த நிபந்தனைகளை மாற்றாது, மறுக்க இயலாத ஒருவரைக் கொணர்வதே தொழில் உலகின் தீர்வாயிற்று. கூலி வீழ்வதற்குக் காரணம் வந்தவரின் மொழியன்று; அவருக்கு உரிமையில்லாமையே. இணைக்கூலி விதி உண்மையாகச் செயற்பட்டிருப்பின், உள்ளூர்த் தொழிலாளரை விலக்கி வெளிமாநிலத்தவரை அமர்த்துவதால் முதலாளிக்குக் கிடைக்கும் ஆதாயம் பெரிதும் குறைந்திருக்கும். ஆதலின் இரு தரப்பாரின் நலனும் ஒரே விதியில் தங்கியுள்ளது.

முடிவுரை

மேற்குப் புறநகரின் புலம்பெயர் தொழிலாளர் சிக்கலில் விதியை மீறியவர் வந்தவர் அல்லர், விதிப்படி அமர்த்தாதவரே. அரசியல் சொல்லாடல் இவ்வுண்மையைத் தலைகீழாக்குகிறது. வேண்டாதவர் எனப் பேசுவோரும் விருந்தினர் எனப் பேசுவோரும் ஒப்பந்தக்காரரின் உரிமம், இணைக்கூலி, உறைவிடம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுவது அரிது. அம்மூன்றையும் கேட்பது மலிவை ஒழிக்கும்; மலிவு ஒழிந்தால் இரட்டை நாவுக்கும் தேவையிராது. இப்பகுதித் தொழிற்கூடங்களின் பதிவு, உரிம ஆவணங்களைக் கள ஆய்வுடன் ஒப்பிடுவதும், தமிழ், இந்தி, ஒடிய, வங்கத் தொழிலாளர் ஒரே சங்கத்தில் இணைவதற்குள்ள தடைகளை அறிவதும் இனிவரும் ஆய்வுகள் மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.